மன்னார்ப் பிரதேச எழுத்தும் இணையச் செருகிகளும்: ஒரு திறனாய்வு நோக்கு

ஈழத்துத் தமிழிலக்கிய வரலாற்றிலே மன்னார்ப் பிரதேசம் பெறும் இடம் பெரிதும் அதன் நாட்டுக்கூத்து மரபினால் அமைந்தது எனலாம். 1964ஆம் ஆண்டிலே எண்டிறீக்கு எம்பரதோர் நாடகமும், 1966ஆம் ஆண்டிலே மூவிராசாக்கள் நாடகமும் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்களாற் பதிப்பிக்கப்பெற்று நூலுருப் பெற்றன. அண்ணாவிமாரின் கொப்பிகளிலும் பிற்பாட்டுக்காரரின் நினைவிலும் வாழ்ந்த பனுவல்கள் பல்கலைக்கழக மாணவர் கைக்கு எட்டியது இத்தகைய முயற்சிகளின் பயனாகவே. ஏட்டிலே செய்யுள் அடிபிரியாது தொடர்ந்தோடும். மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. அதனை அடிபிரித்து, விருத்தமென்றும் தருவென்றும் இனங்கண்டு, பாடபேதங்களை ஒப்புநோக்கி, பனுவல் எங்கிருந்து வந்தது என்பதை முன்னுரையிலே கூறி வெளியிடுவது பதிப்பாசிரியனின் கடமை. அவ்வுழைப்பினாலேயே ஒரு கிராமத்தின் பாட்டு ஒரு மொழியின் உடைமையாகிறது.

இன்று மன்னாரிலிருந்தோ, மன்னாரைப் பிரிந்து வாழும் இடங்களிலிருந்தோ ஊர்வழக்கையும் பாடலையும் நினைவையும் எழுத விழையும் ஒருவருக்குப் பதிப்பாசிரியன் வேண்டுவதில்லை. வலைப்பூ ஒன்றைத் தொடங்குவதற்குச் சில நிமிடங்கள் போதும். ஆயின் பதிப்பாசிரியன் செய்த வேலை மறைந்துவிடவில்லை. அது கருவிகளின் கைக்கு மாறியுள்ளது. 1999இல் தோன்றிய புளொக்கர், 2003இல் தோன்றிய வேர்ட்பிரஸ் ஆகிய இரு தளங்களும், அவற்றோடு இணைத்துப் பூட்டப்படும் செருகிகள் எனும் சிறு நிரல்களும், எழுத்தை வரிசைப்படுத்துகின்றன, முகவரி இடுகின்றன, தேடித் தருகின்றன, திருத்தங்களைச் சேமிக்கின்றன, சிலவேளை சிதைக்கவும் செய்கின்றன. எனவே இக்கருவிகளைப் பற்றிய மதிப்பீடு தொழில்நுட்பவியலாருக்கு மட்டும் உரியதன்று, பாடத்திறனாய்வின் பாற்பட்டதுமாகும்.

அளவுகோல் பற்றிய பிரச்சினை

வலைப்பூவை மேம்படுத்தும் கருவிகள் பற்றித் தமிழில் எழுதப்படுபவை பெரும்பாலும் பட்டியல்களாகவே அமைகின்றன. பத்துச் செருகிகள், இருபது செருகிகள் என அவை நீளும். அவற்றிலே தொழிற்படும் அளவுகோல் ஒன்றே: வருகையாளர் தொகை. பக்கம் விரைந்து திறத்தல், தேடுபொறியின் முதற்பக்கத்தில் இடம்பெறல், முகநூலிற் பகிரப்படல் ஆகியன யாவும் அவ்வொன்றுக்கே துணைபோவன. வணிகத் தளங்களின் தேவையிலிருந்து பிறந்த இவ்வளவுகோலைப் பயனற்றதென ஒதுக்கிவிட முடியாது. கைத்தொலைபேசியிலே, மெதுவான இணைப்பிலே வாசிப்பவருக்குப் பாரமான பக்கம் திறவாப் பக்கமேயாகும். படங்களின் கனத்தைக் குறைக்கும் கருவி அவருக்கு உண்மையில் உதவுகிறது. விளம்பரக் குப்பைகளைப் பின்னூட்டங்களிலிருந்து வடிகட்டும் அகிஸ்மெட் போன்ற செருகியின் பயனையும் எவரும் மறுக்கார்.

எனினும் மன்னார்ப் பிரதேச எழுத்தின் நிலை வேறு. 1990 ஒக்டோபரிலே தமிழீழ விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது, எருக்கலம்பிட்டி முதலிய ஊர்களின் மக்கள் கடல்வழியே கற்பிட்டிக் கரையை அடைந்தனர். போர்க்கால இடப்பெயர்வுகளால் மாந்தை, முசலிப் பகுதி ஊர்களும் பலமுறை வெறுமையடைந்தன. ஊரை விட்டு ஓடியவர் கையில் எடுத்துச் சென்ற பொருள்களிலே கூத்துக் கொப்பியும் பாட்டுக் கொப்பியும் எத்தனை இருந்திருக்கும் என்பது ஊகிக்கத்தக்கதே. இத்தகைய சமூகத்திலே ஒருவர் தம் ஊரின் அம்பாப் பாடலையோ, வாசகப்பா ஒன்றின் சில தருக்களையோ இணையத்தில் இடுவாராயின், அதற்கு வேறு பிரதி இல்லாமலும் இருக்கலாம். அதனை இன்று நூறு பேர் பார்த்தனரா, ஆயிரம் பேர் பார்த்தனரா என்பது இரண்டாந்தர வினா. இருபது ஆண்டுகளின் பின் வாசிக்க விரும்பும் ஒருவர் அதனைக் கண்டெடுக்க இயலுமா என்பதே முதல் வினா.

எழுத்துருவும் எழுத்தும்

இவ்வினாவை முதலில் எழுத்தின் மட்டத்திலேயே எழுப்புதல் வேண்டும். தமிழுக்கு ஒருங்குறியில் 1991இலேயே இடம் ஒதுக்கப்பட்டிருந்தபோதிலும், இலங்கையிலும் புலம்பெயர் நாடுகளிலும் நெடுங்காலம் வழங்கியது பாமினி எழுத்துருவே. அதன் இயல்பு யாதெனில், கணினி சேமித்து வைப்பது தமிழெழுத்தையன்று. ஆங்கில எழுத்துகளையும் குறியீடுகளையுமே. அவற்றின்மேல் தமிழ் வடிவம் போர்த்தப்படுகிறது. மன்னார் என்ற சொல் அங்கே கே, டி, அரைப்புள்ளி, டி, சிறிய எச், பெரிய எச் என்ற ஆறு குறிகளாகவே கிடக்கும். அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அப்பக்கம் பொருளற்ற குறிகளின் குவியலாகத் தோன்றும். தேடுபொறிக்கும் அது குவியலே. எழுதியவர் தமிழில் எழுதியதாகவே எண்ணினார், சேமிக்கப்பட்டதோ தமிழன்று.

ஆகவே மன்னார் எழுத்துக்கு மிகவும் பயன்பட்ட இணையக் கருவி எதுவென வினவின், அழகிய வார்ப்புருவோ வருகைமானியோ அன்று. எழுத்துரு மாற்றியே என விடை கூறலாம். சுரதா யாழ்வாணன் உருவாக்கிய பொங்குதமிழ் மாற்றி, பாமினி முதலிய பல எழுத்துருக்களில் அமைந்த பனுவலை ஒருங்குறிக்கு மாற்றித் தந்தது. எ-கலப்பை, என்.எச்.எம். எழுதி போன்ற தட்டச்சுக் கருவிகள் நேரடியாகவே ஒருங்குறியில் எழுத வழிவகுத்தன. வலைப்பூவினுள் பூட்டப்படும் செருகிகள் அல்ல இவை. பட்டியல்களில் இவற்றுக்கு உரிய இடம் கிடைப்பது அரிது. ஆனால் இவையின்றிப் பிற எவையும் தொழிற்படா.

மாற்றியினால் எல்லாம் சீர்பெற்றுவிடும் எனக் கருதுதலும் தவறு. கொகரத்தின் உயிர்க்குறியை ஒருங்குறியில் ஒரே குறியாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பும் காலும் என இரு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே; இயல்பாக்கம் செய்யாத நிரலுக்கோ இரண்டும் வேறு. 'ஸ்ரீ' என்பதிலும் இவ்வாறே இரு குறிமுறைகள் வழக்கிலுள்ளன. ஏட்டிலே ரகரத்தையும் காலையும் வேறுபிரித்தறிய இடர்ப்பட்ட பழைய பதிப்பாசிரியனின் சிக்கல், கண்ணுக்குப் புலனாகாத வடிவிலே மீண்டும் வந்துள்ளது. மாற்றிய பனுவலை மனிதக் கண் ஒருமுறை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தல் இன்றும் தவிர்க்க இயலாததே.

பெயரும் தேடலும்

அடுத்து நோக்கத்தக்கது தேடல். மன்னார்ப் பிரதேசத்தின் பெயர்கள் தேடுகருவிகளுக்கு எளிதில் வசப்படுவனவல்ல. எம்பரதோர் என்பது பேரரசனைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லின் தமிழ் வடிவம். அந்நாடகத்தின் தலைப்போ எண்டிறீக்கு, என்றீக்கு, என்றிக் எனப் பலவாறு எழுதப்படுகிறது. ஒரு வடிவத்தைத் தேடுபவருக்கு மற்றையது அகப்படாது போகலாம். திருக்கேதீச்சரம், திருக்கேதீஸ்வரம் என்பனவும் அவ்வாறே. அரிப்பு என்ற ஊரின் நிலை இன்னும் பரிதாபமானது. முத்துக்குளிப்பினாற் புகழ்பெற்றதும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே ஆளுநர் பிரடெரிக் நோர்த் மாளிகை எழுப்பியதுமான அக்கரையோர ஊரின் பெயரைத் தனியே தேடுபவர், தோல் நோய்க்கான மருத்துவக் குறிப்புகளுக்கிடையே சிக்கிக்கொள்வார்.

தமிழின் வேற்றுமையுருபுகள் மேலும் ஒரு தடை. எழுத்துக்கோவையை அப்படியே ஒப்பிடும் தேடுகருவியில் மன்னார் எனப் புள்ளியோடு இட்டால், மன்னாரில், மன்னாருக்கு, மன்னாரின் என வருவன அகப்படா. ஏனெனில் ரகரத்தை அடுத்துப் புள்ளியின் இடத்தில் அங்கே உயிர்க்குறி நிற்கின்றது. இறுதிப் புள்ளியை நீக்கி 'மன்னார' எனத் தேடினால் அனைத்தும் அகப்படும். இத்துணைச் சிறிய உத்தியை எந்தச் செருகிப் பட்டியலும் கூறுவதில்லை.

இவ்விடத்திலே தேடுபொறிக்கு உகந்தவாறு பக்கத்தைச் செப்பமிடும் செருகிகள் நேரிய பயன் தரக்கூடும். தலைப்பையும் விபரிப்பையும் தனித்தனியே எழுத அவை இடமளிக்கின்றன. அரிப்பு, மன்னார் மாவட்டம், முத்துக்குளிப்பு என இடஞ்சுட்டி எழுதுவதற்கும், ஒரு பெயரின் பல வடிவங்களைக் குறிச்சொற்களாகத் தருவதற்கும் அவ்விடங்களைப் பயன்படுத்தலாம். வணிகத்துக்கென ஆக்கப்பட்ட கருவி இவ்வாறு அடைவுப் பணியைச் செய்கிறது. கருவியின் பயன் அதனை ஆக்கியோரின் நோக்கத்தோடு முடிந்துவிடுவதில்லை என்பதற்கு இது தக்க சான்று.

முகவரி பற்றியும் ஒன்று கூறுதல் வேண்டும். வேர்ட்பிரஸ் தளம் தலைப்பிலிருந்து பக்கத்தின் நிலையான முகவரியைத் தானே ஆக்கிக்கொள்கிறது. அதற்கு இருநூறு குறிகள் என்ற எல்லை உண்டு. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு குறி போதும். தமிழின் ஒவ்வொரு எழுத்துக்குறியும், புள்ளியும் உயிர்க்குறியும் உட்பட, முகவரியில் ஒன்பது குறிகளாக விரிகிறது. எனவே எண்டிறீக்கு எம்பரதோர் நாடகம் என்ற தலைப்பு முழுமையாக அடங்காது. 'நாடகம்' என்ற சொல் 'நா' என்பதோடு அறுந்துவிடும். ஆங்கிலத்தை இயல்பெனக் கொண்டு வகுத்த எல்லை, தமிழுக்கு இருபத்திரண்டு குறிகளாகச் சுருங்கிவிடுகிறது. முகவரியைக் கையாற் குறுக்கி அமைத்தலே இதற்குப் பரிகாரம், செருகி வேண்டுவதில்லை.

வடிவமும் நடையும்

கூத்துப் பனுவலையும் நாட்டார் பாடலையும் இடும்போது வரியமைப்பே உயிர்நாடி. வழக்கமான பந்தி அமைப்பிலே இடைவெளிகள் சுருங்கும். ஓரெதுகையும் தனிச்சொல்லும் தம் இடத்தை இழக்கும். 2018இல் வந்த வேர்ட்பிரஸின் புதிய எழுதுகருவியிலே செய்யுளுக்கெனத் தனிக் கட்டம் ஒன்று உண்டு. இட்ட இடைவெளியையும் வரிமுறிவையும் அது அப்படியே காக்கிறது. இவ்வசதி பெரிதும் அறியப்படாதிருப்பது வருந்தத்தக்கது.

ஒலியைச் சேர்க்கும் வசதி இதனினும் முக்கியமானது. அச்சுப் பதிப்புகளால் தர இயலாது போனது கூத்தின் இசையே. மன்னாரில் மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என இரு ஆட்ட மரபுகள் உண்டென நூல்களிலே படிக்கும் மாணவன், அவற்றின் வேறுபாட்டைக் காதினாலன்றி அறிய இயலாது. தருவின் சொற்களுக்கு அருகிலே அண்ணாவியாரின் குரலை வைக்க முடிவது, அறுபதுகளின் பதிப்பாசிரியன் பெற்றிராத பேறு. இணையக் கருவிகளின் வரவினால் இப்பிரதேச இலக்கிய ஆய்வுக்குக் கிடைக்கக்கூடிய பெரும் பயன் இதுவெனின் மிகையாகாது.

இதற்கு நேர்மாறானது நடையைத் 'திருத்தும்' செருகி. யோஸ்ட் போன்ற செருகிகள் நெடுங்காலம் கையாண்ட வாசிப்பெளிமை அளவுகோல், ருடோல்வ் பிளெஷ் 1948இலே ஆங்கிலத்துக்கென வகுத்தது. வாக்கியத்தின் சராசரிச் சொற்றொகையையும், சொல்லின் சராசரி ஒலியசைத் தொகையையும் கொண்டு பூச்சியம் முதல் நூறு வரை அது புள்ளியிடும். புள்ளி உயர எளிமை உயரும். "அவன் நேற்று மன்னாருக்குப் போனான்" என்ற வாக்கியத்தை அதற்குட்படுத்தினால், நான்கு சொற்களுக்குப் பத்து ஒலியசைகள் வருவதால், பூச்சியத்துக்கும் கீழே ஏறத்தாழ ஒன்பது புள்ளி கிடைக்கும். குழந்தைக்கும் விளங்கும் வாக்கியம் எவருக்கும் விளங்காத வாக்கியமாகத் தீர்ப்புப் பெறுகிறது. உருபுகளும் இடைநிலைகளும் ஒரு சொல்லிலேயே ஒட்டிநிற்கும் மொழிக்கு அவ்வளவுகோல் பொருந்தாது என்பது தெளிவு. அதனை நம்பித் தன் ஊர்வழக்கை வெட்டிச் சுருக்கும் எழுத்தாளன், பிறமொழியின் அளவுச்சட்டத்தினுள் தன் மொழியைத் திணிப்பவனாவான்.

திரட்டியும் காப்பும்

தனித்தனியே எழுதுவோரை வாசகரோடு இணைத்தவை திரட்டிகள். 2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம், தமிழ் வலைப்பூக்களின் புதிய இடுகைகளை ஓரிடத்திலே தொகுத்துக் காட்டியது. வலைப்பூவிலே பூட்டப்பட்ட அதன் கருவிப்பட்டை, சிற்றூரில் எழுதுபவரையும் பெருநகரில் எழுதுபவரையும் ஒரே வரிசையில் நிறுத்தியது. பின்னர் எழுத்து முகநூலுக்குப் பெயர்ந்தபோது திரட்டிகளின் செல்வாக்கு மங்கிற்று. 2013இல் கூகுள் ரீடர் மூடப்பட்டது. 2021இல் பீட்பேர்னரின் மின்னஞ்சற் சேவை நிறுத்தப்பட்டது. அதற்கு முன்னரே, 2009இல், ஜியோசிற்றீஸ் என்ற இலவசத் தளம் மூடப்பட்டு எண்ணற்ற தனியார் பக்கங்கள் மறைந்திருந்தன. இவற்றை மூடுவதற்குத் தீயோ படையோ தேவைப்படவில்லை. நிறுவனமொன்றின் அறிவித்தல் போதியதாயிற்று. 1981இலே யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்ததைக் கண்ட சமூகம் இந்த இரண்டாம் வகை அழிவைப் போதியளவு எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

செருகிகளும் இவ்வாறே மறைவன. ஒரு செருகியை ஆக்கியவர் அதனைக் கைவிட்டால், தளம் புதுப்பிக்கப்படும்போது அது இயங்காது நின்றுவிடலாம். அடிக்குறிப்பு, ஒலி, படத்தொகுதி ஆகியவற்றைக் குறுங்கட்டளைகளாற் பனுவலினுள் செருகும் கருவிகள் இவ்வகையில் மிக ஆபத்தானவை. கருவி கழன்றதும் அக்கட்டளைகள் சதுர அடைப்புக்குறிகளோடு பாட்டின் நடுவே எஞ்சிக் கிடக்கும். நாளை இப்பனுவலைப் படிப்பவர் அதனை மூலத்தின் பகுதியெனவும் மயங்கலாம்.

திருத்த வரலாறும் கவனத்துக்குரியது. 2008இலிருந்து வேர்ட்பிரஸ் ஒவ்வொரு திருத்தத்தையும் சேமித்து வைக்கிறது. பாடபேதங்களின் முழுமையான வரலாறு ஒன்று இவ்வாறு தானாகவே உருவாகிறது. ஆயின் அது எழுதுபவருக்கு மட்டுமே புலப்படும். வாசகன் காண்பது இறுதி வடிவத்தை மட்டுமே. தளவேகத்தைக் கூட்டுவதற்கெனப் பழைய திருத்தங்களை அழிக்கும் செருகிகளும் பரிந்துரைக்கப்படுகின்றன. பதிப்பியலறிந்த எவருக்கும் இது உவப்பானதன்று. ஒரு பாடலின் அடியைப் பின்னர் திருத்துபவர், திருத்தியதையும் திருத்திய நாளையும், யாரிடம் கேட்டுத் திருத்தினார் என்பதையும் பனுவலின் கீழே வெளிப்படையாக எழுதிவைத்தலே முறை.

காப்புக்கென உள்ள கருவிகள் எளியவை. வலைப்பூ முழுவதையும் ஒரு கோப்பாக வெளியேற்றித் தரும் வசதி புளொக்கரிலும் வேர்ட்பிரஸிலும் உண்டு. இணைய ஆவணகத்தின் வேபக் இயந்திரம் ஒரு பக்கத்தின் அன்றைய நிலையைக் கேட்டவுடன் படியெடுத்து வைக்கிறது. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் மின்வடிவிற் பேணுவதற்கு வழிகாட்டியுள்ளது. அங்கே ஒப்பனை மிகக் குறைவு. நூற்பெயர், ஆசிரியர், ஆண்டு, வகை என்ற வறண்ட விபரங்களே முன்னிற்கின்றன. அவ்வறட்சியே அதன் வலிமை.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓர் அளவுகோல் புலனாகிறது. பூட்டிய செருகிகள் அனைத்தையும் கழற்றியபின் எஞ்சுவது யாதோ அதுவே பனுவல். அவ்வாறு எஞ்சும் எழுத்து ஒருங்குறியில் அமைந்து, ஊரும் நாளும் பாடியவரும் குறிக்கப்பெற்று, அடிபிரிந்து, வேறோரிடத்தில் படியும் பெற்றிருக்குமாயின் அவ்வலைப்பூ மேம்பட்டது. அவ்வாறில்லையேல், ஆயிரம் பேர் வந்துபோயினும் அது மேம்பட்டதாகாது. எழுத்துரு மாற்றி, செய்யுட் கட்டம், ஒலிப்பதிவு, விபரிப்புக்குரிய இடம், காப்புக் கோப்பு என்பன இச்சோதனையில் தேறுவன. வாசிப்பெளிமைப் புள்ளியும், திருத்தங்களை அழிக்கும் கருவியும், குறுங்கட்டளை ஒப்பனைகளும் தேறாதன.

இவ்வளவுகோல் கடுமையானது என்ற மறுப்பு எழலாம். வலைப்பூ எழுதுபவர் ஆய்வாளரல்லர். தம் மகிழ்ச்சிக்கும் உறவினருக்குமாக எழுதுபவர். அவர்மீது பதிப்பாசிரியனின் சுமையை ஏற்றலாமா என்பது நியாயமான கேள்வியே. பல்கலைக்கழகத்தின் கண்ணிற் படாத எழுத்துக்கும் இடமளித்தமை வலைப்பூவின் தனிச்சிறப்பு. அதனை ஆய்வொழுங்கின் பெயரால் அச்சுறுத்துதல் கூடாது. ஆனால் அச்சுமையை எழுதுபவரே தனித்துத் தாங்கவேண்டும் என்பது இல்லை. அறுபதுகளிலே அண்ணாவியாரிடம் பல்கலைக்கழகம் சென்றது. பாடலைக் கொடுத்தவர் கிராமத்தவர், அடிபிரித்தவர் அறிஞர். அதே பங்கீடு இன்றும் இயலக்கூடியது. பழைய பாமினிப் பக்கங்களைத் தேடிக் கண்டெடுத்தல், எழுதியவரின் இசைவோடு ஒருங்குறிக்கு மாற்றி ஒப்புநோக்குதல், ஊர்ப்பெயர்களின் பல்வேறு வடிவங்களுக்கு ஓர் அடைவு ஆக்குதல் என்பன தமிழ்த்துறை மாணவர் சிலர் ஓராண்டிலே செய்து முடிக்கத்தக்க பணிகள். ஊரை இழந்தவர் எழுதி வைத்தவற்றுள் எவ்வளவு இன்னும் வாசிக்கக்கூடிய நிலையில் உள்ளது என்பதையும் அப்பணியே முதன்முதலில் தெளிவாகக் காட்டும்.